நான்பாய்க்குத் தரை டிக்கெட்

தலைமை ஏற்று, தலைப்பாகை தரித்து, நான் பேச எழுந்ததைக் கண்டதும் முன்னெச்சரிக்கையாகக் கண்களை மூடிக்கொண்ட தலைவர் ஹாஜி இனாயத்துல்லா அவர்களே! ஓடாத படங்களை ஓட்டிக்கொண்டிருந்த சிதாரா சினிமாக் கொட்டகையை, ஓயாத சண்டைகளின் கூடமாக மாற்றிக்காட்டிய கொடையாளரே! ஆறடி உயரமும், அதற்கு ஈடுகொடுக்கும் தாடியும் படைத்திருந்தும், திரையில் எந்நாளும் பனிநாட்டு இளவரசியாகவே அவதரித்து விசிறியால் விளாசும் வீரத்திருமகன் ஷாபி பட் அவர்களே! மேடையில் இடமில்லாமல் கீழே நின்றாலும், மேடையில் இருப்பது போலவே முகத்தை வைத்திருக்கும் கமிட்டி உறுப்பினர்களே! குச்சியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்த காளையரே! பொத்தானைத் தட்டித் தட்டிப் பொறுமை தேய்ந்த பூவையரே! இச்ரா பஜாரில் துணி வாங்க வந்து, கூட்டத்தைக் கண்டு மாடிப்படி ஏறி, இப்போது இறங்க வழியில்லாமல் அமர்ந்திருக்கும் பெரியோரே! மகன் ஏதோ பரிசு வாங்கப் போகிறான் என்று நம்பி வந்து, முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் சலாம்.

என்ன? சுருக்கமாகவா? ஐயா, ஏழு மணிக்கு மின்சாரம் போகும். மின்சாரம் போனால் மைக் போகும். மைக் போனால் என் குரல் மட்டும் மிஞ்சும். அது கீழே செருப்புக்கடை வரை கேட்கும். ஆகவே அவசரம் எதுவுமில்லை.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ரியாஸத் மீர். தொழிலால் கல்யாண வீட்டு அறிவிப்பாளன். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்பதையும் பிரியாணி வந்துவிட்டது என்பதையும் ஒரே உருக்கத்தோடு அறிவிக்கத் தெரிந்தவன். தொண்டால், இந்தக் கோட்டை விளையாட்டுக் கழகத்தின் கோந்துப் பொறுப்பாளன். கமிட்டி முடிவெடுக்கும்; நான் ஒட்டுவேன். எனக்கு ஓட்டு கிடையாது. பசை மட்டும்தான் என் கையில்.

எனக்குப் பின்னால் நிற்கும் சுவரைப் பாருங்கள்! அது வெறும் சுவரா? 'கோட்டை' என்னும் சண்டை விளையாட்டில் திரைக்குள் தோன்றி அடித்துக்கொள்ளும் அத்தனை வீரர்களின் தலையெழுத்தல்லவா அது! மேலே பாக்ஸ். நடுவே பால்கனி. கீழே தரை டிக்கெட். பலசாலிகள் பாக்ஸில், பரவாயில்லை ரகத்தார் பால்கனியில், பாவப்பட்டவர்கள் தரையில். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், இந்தப் பட்டியலைப் புதிதாக ஒட்டுகிறோம். இந்த ஆண்டுக்கான படங்கள் எல்லாம் ஏறிவிட்டன. ஒரே ஒரு படம் மட்டும் என் வலக்கையில் இருக்கிறது. கோந்துச் சட்டி என் இடக்கையில் இருக்கிறது. எங்கே ஒட்டுவது என்று கமிட்டி இன்னும் சொல்லவில்லை.

அன்பர்களே! பட்டியல் என்றால் என்ன? பாறையில் செதுக்கிய பட்டயமா? வானத்திலிருந்து வந்த வாக்கா? இல்லை! இல்லவே இல்லை! நேற்று எவன் அடித்தான் என்ற ஆத்திரம். நாளை எவன் அடிப்பான் என்ற அச்சம். இரண்டையும் கூட்டிக் குழைத்துச் சுவரில் பூசினால் அதுதான் பட்டியல்!

இந்த விளையாட்டு எந்திரம் இங்கே வந்திறங்கிய முதல் வாரத்தை எண்ணிப் பார்க்கிறேன். அன்று எங்களுக்கு ஒரே அளவுகோல். எவன் கையில் கடைசியாக அடி வாங்கினோமோ, அவனே உலகின் பலசாலி. அதனால் பட்டியல் மாலைக்கு மாலை மாறியது. அந்தக் குழப்பத்தை அடக்க நம் தலைவர் அவர்கள் தாமே எழுந்து வந்து, கடற்கொள்ளைக்காரனின் படத்தைப் பாக்ஸில் ஒட்டச் சொன்னார்.

"ஹாஜி சாகிப், இவன் ஒரு அடி அடிக்கிறதுக்குள்ள எதிராளி டீ குடிச்சிட்டு வந்துடுவானே?" என்று கேட்டேன்.

"மீசையைப் பாத்தியாடா? இப்பேர்ப்பட்ட மீசைக்காரனைத் தரையில உக்காரவெக்கறதா? ஒட்டு மேல!" என்றார்.

இன்றுவரை அவன் பாக்ஸில்தான் இருக்கிறான். அவனை வைத்து ஆடி எவரும் ஜெயித்ததாக வரலாறு இல்லை. தலைவர் அவர்கள் கண்களைத் திறந்துவிட்டார்கள். நான் அடுத்த விஷயத்துக்குப் போகிறேன்.

அடுத்து வந்தது ஒசாகா பட்டியல். ஜப்பானிலிருந்து யாரோ ஒரு மகான் எழுதி, இணையத்தின் வழியே இச்ரா வரை வந்து சேர்ந்த பட்டியல். அதை அப்படியே சுவரில் ஏற்றினோம். விளைவு என்ன தெரியுமா? நேற்றுவரை ஜெயித்துக்கொண்டிருந்தவர்கள் தோற்கத் தொடங்கினார்கள்!

அதோ அமர்ந்திருக்கிறார்கள் கைசரும் ஜூபியும். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். ஜூபி ஆடுவது முரசுக்காரனை. கைசர் ஆடுவது வேடனை. ஜூபியின் முரசுக்காரன் கைசரின் வேடனைக் காலையில் அடிப்பான், மாலையில் அடிப்பான், ஈத் பெருநாள் அன்று ஆரத் தழுவிவிட்டு அடிப்பான். அப்போதுதான் ஒசாகா பட்டியல் வந்தது. முரசுக்காரன் தரை டிக்கெட், வேடன் பால்கனி. கைசர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

"டேய் ஜூபி, லிஸ்ட்ட பாத்தியா? நீ தரை, நான் பால்கனி."

"அதுக்கு என்ன இப்ப?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன். உக்காரு, ஆடலாம்."

ஆடினார்கள். ஜூபி தோற்றான். மறுபடி தோற்றான். அவனை ஓரமாக அழைத்துப் போய், "என்னடா ஆச்சு உனக்கு?" என்று விசாரித்தேன். அந்தக் குழந்தை உள்ளம் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன்.

"கை வரமாட்டேங்குது பாய். மேல உக்காந்திருக்கறவன அடிக்க ஒரு மாதிரி கூச்சமா இருக்கு."

வேடன் மாறினானா? மாறவில்லை! முரசுக்காரன் மாறினானா? மாறவில்லை! எந்திரத்தில் ஓர் ஆணிகூட மாறவில்லை. மாறியது சுவர். அடுத்த ஆண்டு அதே ஒசாகா மகான் முரசுக்காரனைப் பாக்ஸில் ஏற்றினார். அன்று மாலையே ஜூபி ஜெயித்தான். கைசர் அழுதான். கைசர் தம்பி, எழுந்திருக்க வேண்டாம். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு வந்தது கிழிப்புக் காலம். ஒருவர் ஒட்டுவார், ஒருவர் கிழிப்பார். இரவு ஒட்டிய படம் காலையில் இருக்காது. கிழித்துக் கிழித்து ஒருநாள் சுவரின் காரையே பெயர்ந்து, தலைவரின் அல்வா பூரித் தட்டில் விழுந்தது. தலைவர் பூரியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு இந்தக் கழகத்தின் ஒரே சட்டத்தை இயற்றினார். "ஒட்டினது ஒட்டினதுதான். அடுத்த குளிர்காலம் வரைக்கும் எவனாச்சும் கை வெச்சான், அவன் கையைச் சுவத்துல ஒட்டிடுவேன்." இந்தச் சட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று அது தேவைப்படும்.

இப்போது என் கையில் இருக்கும் படத்துக்கு வருகிறேன்.

இதோ! உருண்டை உடல், ஒட்டிய மாவு, தோளில் ரொட்டிச் சட்டுவம், முதுகில் அடுப்பு! விளையாட்டைச் செய்தவர்கள் இவருக்கு ஏதோ ஒரு பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். அதை உச்சரிக்கும்போது ஷாபி பாய்க்குப் பல்வலி வந்தது. அடுப்போடு ஒருவர் நின்றால் அவர் நான்பாய்தானே! நான் ரொட்டி சுடுகிறவரை நம்மூரில் வேறெப்படி அழைப்பது? அன்றிலிருந்து இவர் நான்பாய்.

நான்பாயின் போர்முறை எளியது. அடுப்பைத் தரையில் இறக்குவார். ரொட்டியை உள்ளே விடுவார். வெந்ததும் எடுத்து எதிராளி முகத்தில் அடிப்பார். முதல் மாதம் இந்தக் கூடமே வெந்தது! நான்பாயைப் பாக்ஸில் ஏற்றினோம். இரண்டாம் மாதம் ஓர் உண்மை விளங்கியது. ரொட்டி வேகிறவரை அவரால் அசைய முடியாது. அந்த நேரத்தில் போய் உதைத்துவிட்டு வந்துவிடலாம். தலைவரின் சட்டம் வராத காலம் அது; பாக்ஸிலிருந்து பால்கனி, பால்கனியிலிருந்து தரை என்று இறங்கினார். பிறகு ஆண்டுக்கணக்கில் அவரை யாரும் தொடவில்லை.

அப்போதுதான் ஒரு பெண் இந்த மாடிப்படி ஏறினார். ஜுனைரா. பல் மருத்துவம் படிக்கிறவர். துணைக்குத் தாயார் சஃபியா வந்தார்; நம் எல்லோருக்கும் அவர் காலா, அதாவது சித்தி. காலாவுக்குத் துணையாக வேர்க்கடலை வந்தது. அதோ, இரண்டும் அதே நாற்காலியில் இன்றும் இருக்கின்றன.

முதல் நாள் ஷாபி பாய்தான் வரவேற்றார். "யாரை எடுக்கப்போற தங்கச்சி?"

"நான்பாயை."

"அவன் தரை டிக்கெட்டும்மா. வேற நல்ல ஆளா எடு."

"எனக்கு உக்கார இடம் இருந்தாப் போதும் பாய். நீங்க இளவரசிக்குப் பூ வெச்சு ரெடி பண்ணுங்க."

கூடமே சிரித்தது. ஷாபி பாயும் சிரித்தார்.

"ரொம்பப் பல்லைக் காட்டாதீங்க பாய். அதைப் பிடுங்கத்தான் நான் படிக்கிறேன்" என்றார் ஜுனைரா.

ஆட்டம் தொடங்கியது. நான்பாய் அடுப்பை இறக்கினார். சட்டுவத்தை உள்ளே விட்டார். ஆகா, அகப்பட்டான் என்று இளவரசி ஓடி வந்தாள். அடுப்புக்குள் ரொட்டியே இல்லை! வெறும் சட்டுவம்! சுடுவது போல் பாவனை! ஓடி வந்த இளவரசியின் தாடையில் விழுந்தது சட்டுவத்தின் கைப்பிடி. மறுபடி அடுப்பு. இந்த முறை பாவனைதான் என்று எண்ணி இளவரசி தள்ளி நின்றாள். இந்த முறை ரொட்டி உண்மையாகவே வெந்தது! போவதா நிற்பதா என்று புரியாமல் பனிநாட்டு இளவரசி இச்ராவில் வியர்த்தாள். ரொட்டி எப்போது பொய், எப்போது மெய் என்று அறிந்தவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். அவர் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

இப்படி அவர் ஜெயித்தார். வெள்ளிக்கு வெள்ளி ஜெயித்தார். கமிட்டியில் உள்ள ஒவ்வொருவரையும் ஜெயித்தார். இங்கேதான், பெரியோரே, நம் கழகத்தின் நுட்பமான நிர்வாகத்தை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

நம்மிடம் இரண்டு கமிட்டிகள் உண்டு. திரையில் உள்ள வீரர்களைத் தரம் பிரிப்பது படக் கமிட்டி. அவர்களை ஆடுகிற மனிதர்களைத் தரம் பிரிப்பது பேர்க் கமிட்டி. பேர்க் கமிட்டியின் பட்டியலில் முதல் நான்கு பெயர்கள்தான் ஆண்டுதோறும் அல்மாத்தி நகரத்துப் பெரிய போட்டிக்குப் போகும். இரண்டு கமிட்டியிலும் உறுப்பினர்கள் அதே ஆட்கள்தான். படக் கமிட்டி முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போடுவார்கள். பேர்க் கமிட்டி தொடங்கிவிடும்.

படக் கமிட்டியிடம் கேட்டேன்: "நான்பாய் இவ்வளவு ஜெயிக்கிறாரே, மேலே ஒட்டலாமா?"

"நான்பாய் எங்கய்யா ஜெயிச்சான்? ஜெயிச்சது அந்தப் பொண்ணு. அது கைவேலை."

நாற்காலிகள் திரும்பின. பேர்க் கமிட்டியிடம் கேட்டேன்: "ஜுனைரா பேரை மேலே எழுதலாமா?"

"அவ எங்கய்யா ஜெயிச்சா? ஜெயிச்சது நான்பாய். அவன யாரும் ஆடாததால எங்களுக்குப் பழக்கமில்ல. அவ்ளோதான்."

எண்ணிப் பாருங்கள்! ஒரே வெற்றி. ஒரு கமிட்டி அதை அந்தக் கதவு வழியாக அனுப்புகிறது. இன்னொரு கமிட்டி இந்தக் கதவு வழியாக அனுப்புகிறது. நடுவிலே நின்ற பெண்ணின் கையில் என்ன மிஞ்சியது? ஒன்றுமில்லை. ஒருநாள் தேநீர்க் கடையில் ஜுனைரா என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"மீர் பாய், பேரைக் கேட்டா நான்பாய் ஜெயிச்சான்றாங்க. படத்தைக் கேட்டா நான் ஜெயிச்சேன்றாங்க. நானும் நான்பாயும் வீட்டுக்குப் போயிட்டா, இங்க ஜெயிச்சது யாரு?"

மேடையில் இரண்டு மணி நேரம் பேசுகிற வாய், தேநீரை ஊதிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அன்பர்களே! ஆனால் கோந்துப் பொறுப்பாளனின் கோபம் எதில் ஒட்டும்?

கடந்த ஆண்டு நல்வாய்ப்பாக ஓர் அசம்பாவிதம் நடந்தது. அல்மாத்தி போக வேண்டிய நான்காவது ஆளுக்கு, அதே தேதியில் கல்யாணம் வைத்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அறிவிப்பாளனும் நான்தான். மணமகன் மேடையில் அழுதபோது, பெண் வீட்டார் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தார்கள். நானும் அப்படியே அறிவித்தேன். வேறு ஆள் கிடைக்காததால் ஜுனைராவை அனுப்பினார்கள். சஃபியா காலாவும் உடன் போனார். வேர்க்கடலையும் விமானம் ஏறியது.

அல்மாத்தியில் என்ன நடந்தது? கொரியர் வீழ்ந்தார்! கஜக்கர் கவிழ்ந்தார்! ஜப்பானியர் எழுந்து நின்று குனிந்து வணங்கினார்! இச்ராவின் நான்பாய் இரண்டாம் இடம்! குதிரை பொறித்த கோப்பையோடும், கல்போல் இறுகிய புளிப்புப் பாலாடை உருண்டைகளோடும் ஜுனைரா திரும்பி வந்தார். அந்த உருண்டைகளை ஷாபி பாய் ஒருவரே முழுவதும் தின்று முடித்தார். அந்த வீரத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரே வாரத்தில் உலகத்துப் பட்டியல்கள் அனைத்தும் உருண்டன. ஒசாகா மகான் நான்பாயைத் தலைக்குமேல் தூக்கி வைத்தார். எல்லா ஊரிலும் நான்பாய் பாக்ஸ்! அந்தக் குளிர்காலப் பட்டியலில் நாமும் பாக்ஸில் ஒட்டினோம். நானே ஒட்டினேன். கண் கலங்க ஒட்டினேன். பிறகு நாற்காலிகள் திரும்பின. இப்போதாவது எழுதலாமா அந்தப் பெண்ணின் பெயரை என்றேன். பேர்க் கமிட்டி என்ன சொன்னது?

"பாக்ஸ்காரன வெச்சு ஆடறா. யாருதான் ஜெயிக்கமாட்டா?"

தரையில் இருந்தபோது, பழக்கமில்லை என்றார்கள். பாக்ஸுக்குப் போனதும், யாரும் ஜெயிப்பார்கள் என்றார்கள். அந்தப் பெண் என்னதான் செய்ய வேண்டும்? அடுப்புக்குள் அவரே இறங்க வேண்டுமா?

'யாரும் ஜெயிப்பார்கள்' என்ற சோதனையையும் இந்தக் கூடம் செய்து பார்த்தது. அந்த மாதம் இங்கே எந்த எந்திரத்தைப் பார்த்தாலும் நான்பாய்! இந்தப் பக்கம் நான்பாய், அந்தப் பக்கம் நான்பாய்! இரண்டு பேரும் அடுப்பை இறக்கிவைத்து, இரண்டு பேரும் ரொட்டி வேகக் காத்திருந்து, நேரம் முடிந்து ஆட்டம் சமனில் முடியும். ஷாபி பாயும் இளவரசியைத் துறந்து சட்டுவம் ஏந்தினார். ஏந்தியவர், என் தங்கையின் மகனிடம் தோற்றார். பிறகு என் தங்கையிடம் தோற்றார். ஷாபி பாய், நீங்கள் தலையாட்டுவது பெருந்தன்மை. நன்றி.

அப்போது கம்பெனிக்காரர்கள் பார்த்தார்கள். விளையாட்டைச் செய்கிறவர்கள் எப்போதும் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? உச்சியில் ஒருவர் இருந்தால் கத்திரிக்கோலை எடுப்பார்கள். சென்ற வாரம் புதுத் திருத்தம் வந்தது. நான்பாயின் அடுப்பைத் தணித்துவிட்டார்கள். ரொட்டி வேக முன்பைவிட இரு மடங்கு நேரம். வெந்த ரொட்டியிலும் சூடில்லை. முகத்தில் பட்டால் துடைத்துக்கொண்டு போய்விடலாம். மறுநாளே இந்தக் கூடத்தில் ஒரு நான்பாய் இல்லை. அத்தனை பேரும் அடுப்பை அணைத்துவிட்டு அவரவர் பழைய ஆளிடம் ஓடினார்கள்.

ஒருவர் மட்டும் ஓடவில்லை.

இன்று மதியம், விழா தொடங்கும் முன், இந்த மேடைக்குக் கீழே நடந்ததைப் பலர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஜுனைரா வந்தார். தணிந்த அடுப்போடு நான்பாயை எடுத்தார். கமிட்டியின் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் வரிசையாக எழுந்தார்கள். கடைசியாக எழுந்தவர் ஷாபி பாய். அவர் எழும்போது சொன்ன சொற்களை நான் காதால் கேட்டேன். தலைவரும் கேட்டார். சஃபியா காலாவும் கேட்டார்.

"அடுப்பே செத்துப்போச்சு. அப்புறம் எதை வெச்சுய்யா அடிக்கிறா இவ?"

இதுதான் இன்றைய கேள்வி! அல்மாத்திக்கு மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடம் காலி. ஒருபக்கம் ஷாபி பாய். மறுபக்கம் ஜுனைரா. அடுத்த குளிர்காலத்தில் ஜுனைரா இங்கே இருக்கமாட்டார். முல்தான் ஆஸ்பத்திரியில் பயிற்சி. வெள்ளிக்கிழமை மாலைகளில் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல்லோடு போராடிக்கொண்டிருப்பார். அவருக்கு அல்மாத்தி என்றால் இந்த ஆண்டுதான். இல்லையென்றால் இல்லை.

ஆனால் பெயருக்கு முன் படம். அதுதான் முறை. கமிட்டியாரே, சொல்லுங்கள். நான்பாயை எங்கே ஒட்டட்டும்?

என்ன சொல்கிறார்கள்? பால்கனி என்று ஒரு குரல். பாக்ஸிலேயே இருக்கட்டும் என்று ஒரு குரல். மதியம் தோற்ற மூவரில் ஒருவரின் குரல் அது. புரிகிறது ஐயா. பாக்ஸ்காரனிடம் தோற்றால் வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். அமைதி! அமைதி! ஜுனைரா எழுந்து நிற்கிறார். ஏதோ சொல்கிறார். பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். அப்படியே திருப்பிச் சொல்கிறேன்:

"மீர் பாய், தரை டிக்கெட்லயே ஒட்டுங்க! மேல ஒட்டினீங்கன்னா கம்பெனிக்காரன் மறுபடி பாத்துடுவான். மிச்சமிருக்கற அடுப்பையும் பிடுங்கிட்டுப் போயிடுவான். எனக்கு இவன் வேணும்."

கேட்டீர்களா? எனக்கு இவன் வேணும் என்கிறார்! சூடு இருந்தபோது ஊரே வேண்டுமென்றது. சூடு போன பிறகும் வேண்டும் என்கிற ஒரு குரல்! சற்றுத் தண்ணீர் கொடுங்கள்.

நல்லது. நான்பாய் தரை டிக்கெட் என்பவர்கள் கை உயர்த்துங்கள். அடடா! கமிட்டி முழுவதும்! அவ்வளவு ஆசையா? தணிந்த அடுப்பு, தளர்ந்த ரொட்டி, தரையே தகும் என்கிறீர்கள். ஷாபி பாய், உங்கள் கையும் உயர்ந்திருக்கிறதா? இன்னும் கொஞ்சம் உயரமாக. நன்றி. தலைவர் அவர்களே, ஒப்புதலா? "ஒட்டுடா, பசிக்குது" என்கிறார். அது ஒப்புதல்தான்.

இதோ தடவுகிறேன். இதோ ஒட்டுகிறேன். நான்கு மூலையும் அழுத்துகிறேன். ஒட்டிவிட்டது! ஒட்டினது ஒட்டினதுதான். அடுத்த குளிர்காலம் வரை, இச்ராவின் சட்டப்படி, நான்பாய் இந்த விளையாட்டின் பலவீனர்களில் ஒருவர்.

இப்போது நாற்காலிகளைத் திருப்பிப் போடுங்கள். பேர்க் கமிட்டியாரே, வருக! வருக!

மதியம் நடந்த மூன்று ஆட்டங்களில் வென்றது யார்? நான்பாயா? அவர் தரை டிக்கெட். சற்றுமுன் நீங்களே கை தூக்கினீர்கள். கை இறங்குவதற்குள் கருத்து இறங்குமா? பழக்கமில்லை என்பீர்களா? ஒரு மாதம் முழுக்க இந்தக் கூடத்தில் நான்பாயைத் தவிர வேறு யாரையும் நீங்கள் ஆடவில்லையே! அடுப்பா வென்றது? அது செத்துவிட்டது என்று ஷாபி பாய் சாட்சி சொன்னார். ஒரு கதவை நீங்கள் அடைத்தீர்கள். இன்னொரு கதவை நான் கோந்து போட்டு அடைத்துவிட்டேன். வெற்றி இந்தக் கூடத்துக்குள்தான் இருக்கிறது. தேடுங்கள்! யாருடையது அது? சொல்லுங்கள், யாருடையது?

தாய்மார்கள்கூடக் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டார்கள். சஃபியா காலா கையில் ஒரு கடலை பாதி உரிந்தபடி நிற்கிறது. இந்த நாற்காலியில் அவர் அமர்ந்த நாள்முதல் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

ஷாபி பாய் எழுகிறார். வழி விடுங்கள். மைக் வேண்டாமாம். அவருக்கு எதற்கு மைக்!

"அவளோடதுதான்யா. ஒத்துக்கறேன். எப்பவுமே அவளோடதுதான். எழுது பேரை. நாலாவதா எழுதாத, முதல்ல எழுது. நான் வேணும்னா ஏர்போர்ட் வரைக்கும் பை தூக்கிட்டு வர்றேன்" என்கிறார்.

கைதட்டுங்கள்! இளவரசியை ஆடி ஆடி இளவரசியின் மனமும் வாய்த்துவிட்டது இவருக்கு! தம் இடத்தைத் தாமே எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது எந்தப் பொத்தானைத் தட்டினால் வரும்? விசிறி வீச்சை எல்லாம் விஞ்சிய வீச்சு இது.

இதோ எழுதுகிறேன். முதல் வரியில். ஜுனைரா. என் கையெழுத்து கல்யாணப் பத்திரிகைக் கையெழுத்து. சற்றுச் சுழித்துத்தான் வரும்.

சஃபியா காலா ஏதோ கேட்கிறார். "அங்க இந்த வருஷமும் அவ்ளோ குளிருமா?" குளிரும் காலா. போன முறையைவிடக் கூடுதலாகக் கடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியோரே! தாய்மார்களே! இச்சுவரை இறுதியாக ஒருமுறை பாருங்கள். கீழ்க்கோடியில் ஒரு படம். மேல்வரியில் ஒரு பெயர். இவ்வளவு காலம் நாம் அந்தப் படத்தை ஏற்றினோம், இறக்கினோம், கிழித்தோம், ஒட்டினோம். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இந்த வெற்றுச் சுவரை ஒருநாளும் பார்க்கவில்லை. இந்த உயரம் முழுவதும் ஒரு பெண் கையால் ஏறியது! அடுப்பு அணைந்த பிறகும் ஏறியது! பட்டியல் நாளை மாறும். ஒசாகா மகானின் மனம் மாறும். கம்பெனிக்காரர்களின் கத்திரி மாறும். கடற்கொள்ளைக்காரன் மட்டும் மாறாமல் பாக்ஸில் இருப்பான். மாறுகிற எல்லாவற்றுக்கும் நடுவே, யார் ஜெயித்தார் என்று கேட்டால் இனி இந்தக் கூடம் பெயரைச் சொல்லட்டும்!

மின்சாரம் போய்விட்டது. நான் சொன்னேன் அல்லவா? குரல் இருக்கிறது. கீழே செருப்புக்கடைக்காரர், "யாருப்பா போறது அல்மாத்திக்கு?" என்று கேட்கிறார். ஜுனைரா, நீங்களே சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

"நான்தான் பாய்!"

கேட்டுவிட்டது அவருக்கு. கண் திறந்து கேட்ட தலைவருக்கும், கை தூக்கி மாட்டிக்கொண்ட கமிட்டிக்கும், இடம் கொடுத்த ஷாபி பாய்க்கும், பரிசு இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் என் நன்றி. படியில் இருட்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்குங்கள். கோந்து இன்னும் காயவில்லை. சுவரில் யாரும் சாய வேண்டாம். எல்லோருக்கும் சலாம்.